பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்: டிசையரா, அமேஸா?

எங்கள் வீட்டில் கார் ஓட்டப்போவது நான் ஒருவன். உட்கார்ந்து வரப்போவது நான்கு பேர்: அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டை வேலைக்கு நான் ரயிலில் போய் வருகிறேன். அதனால் காருக்கு வேலை என்று பார்த்தால் அமாவாசைக்குப் பாபநாசம், சாரல் விழுந்தால் குற்றாலம், விசேஷம் என்றால் நாகர்கோவில் பெரியம்மா வீடு, அம்மாவின் முழங்காலைக் காட்டப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. ஷோரூம் ஷோரூமாகப் போனபோது எல்லா இடத்திலும் ஸ்டீயரிங் பக்கக் கதவைத்தான் முதலில் திறந்துவிட்டார்கள். நான் பின்கதவைத் திறக்கச் சொன்னேன்.

உயரமான எஸ்யூவி வகை முதலிலேயே கழிந்தது. அம்மாவால் அதில் காலைத் தூக்கி வைத்து ஏற முடியவில்லை. அப்புறம் மிஞ்சியது மாருதி டிசையரும் ஹோண்டா அமேஸும். இரண்டின் இப்போதைய தலைமுறையும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்தவை: டிசையர் 2024 நவம்பர் 11, அமேஸ் டிசம்பர் 4. வந்தபோது ஷோரூம் விலை டிசையருக்கு 6.79 லட்சத்திலும் அமேஸுக்கு 8 லட்சத்திலும் தொடங்கியது. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரியில் சிறிய கார் கணக்கு. அந்த வரம்புக்குள் நிற்கத்தான் இரண்டுமே வாலைச் சுருக்கிக்கொண்டு ஒரே 3,995 மி.மீ. நீளத்தில் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29. விலை கேட்கும்போது பழைய பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

பின்சீட்டுக்கு வருவோம். டிசையரின் உயரம் 1,525 மி.மீ., அமேஸ் 1,500. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் டிசையரில் 2,450, அமேஸில் 2,470. காகிதத்தில் இது ஒன்றுமே இல்லை. அம்மா இரண்டிலும் உட்கார்ந்து, காலை நீட்டி, மறுபடி இறங்கிப் பார்த்தாள். இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை. டிசையரில் தலை இடிக்கவில்லை, ஏறுவது சுலபமாக இருந்தது. அமேஸில் முன்சீட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது போல அவளுக்குத் தோன்றியது. “எய்யா, இதுல கால மடக்காம திரும்ப முடியுது. அதுல முட்டி இடிக்கி” என்றாள். முட்டுவலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். நடுவில் உட்காருகிறவருக்கு இரண்டிலும் சிரமம்தான். பெரியவர்கள் மூன்று பேர் நாகர்கோவில் வரை போக இவை வசதிப்படாது. டிசையரின் உச்ச மாடலில் சன்ரூஃப் உண்டு, அமேஸில் கிடையாது. சித்திரை வெயிலில் அதை நாங்கள் திறக்கப்போவதில்லை. பின்சீட்டுக்கு ஏசி காற்று வருகிற மாடலாகப் பார்த்து எடுப்பதுதான் இங்கே முக்கியம்.

அடுத்து இன்ஜின். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன். டிசையருக்கு மூன்று சிலிண்டர், 82 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி. அமேஸுக்கு நான்கு சிலிண்டர், 90 பிஎஸ். இழுப்பைத் தரும் முறுக்குவிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்: டிசையர் 112, அமேஸ் 110 நியூட்டன் மீட்டர். சிலிண்டர் எண்ணிக்கை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. மூன்று என்றால் இடைவெளி அதைவிட நீளம். அந்த இடைவெளிதான் சிக்னலில் நிற்கும்போது இருக்கைக்கு அடியில் மெல்லிய நடுக்கமாகத் தெரிகிறது. டிசையரில் அது தெரிந்தது. ஓட ஆரம்பித்ததும் மறைந்துவிட்டது. அமேஸ் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்தேன்.

கியர் நானாகப் போட விருப்பமில்லை என்பதால் இரண்டிலும் ஆட்டோமேட்டிக் பார்த்தேன். டிசையரில் இருப்பது ஏஎம்டி. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஓர் இயந்திரம் நமக்காகச் செய்கிறது. மாற்றுகிற அந்த நொடியில் சக்தி அறுபடுவதால் தலை லேசாக முன்னே போய் வரும். அமேஸில் சிவிடி. இரண்டு கப்பி, நடுவே ஒரு பெல்ட். படிப்படியான கியரே கிடையாது. அழுத்தி மிதித்தால் இன்ஜின் சத்தம் முதலில் ஏறும், வண்டி பிறகுதான் ஏறும்.

ஷோரூம் டெஸ்ட் டிரைவ் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸில் நேராகப் போய்த் திரும்புவதோடு முடிந்துவிடும். அது போதாது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் சாயந்திரம் ஆறு மணிக்கு ஏற்றச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஏற்றத்தில் நின்று நின்று ஊர்ந்தபோது டிசையர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துத்தான் நகர்ந்தது. பின்னால் உருளவில்லை, ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி இரண்டிலும் இருக்கிறது. அமேஸ் அதே இடத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

மலைக்கு ஷோரூம் வண்டி வராது. அதனால் தெரிந்தவர்களின் டிசையரிலும் அமேஸிலுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாபநாசம் சோதனைச்சாவடி தாண்டி சொரிமுத்து அய்யனார் கோயில் வரை ஏறினோம். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து மறுபடி எடுக்கும்போது ஏஎம்டிக்குத் தடுமாற்றம். கியரைக் கையால் மாற்றும் நிலையில் வைத்ததும் சரியாயிற்று. சிவிடி சத்தம் போட்டாலும் குலுக்கவில்லை. டிசையரில் வந்த நாளில் சின்னவளுக்கு வயிற்றைப் புரட்டியது. ஒரு தடவை நிறுத்தினோம். அமேஸில் நிறுத்தவில்லை. ஒரு நாள் அனுபவம்தான், ஆனால் என் கணக்கில் அது சேர்ந்துவிட்டது.

மைலேஜில் டிசையரை நெருங்கவே முடியாது. நிறுவனக் கணக்குப்படி லிட்டருக்கு டிசையர் மேனுவல் 24.79, ஏஎம்டி 25.71 கி.மீ.; அமேஸ் மேனுவல் 18.65, சிவிடி 19.46. ரோட்டில் இரண்டுமே குறையும், ஆனாலும் டிசையர்தான் முன்னால் நிற்கும். அத்தானும் அதே நேரத்தில் கார் பார்த்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் வீடு, தூத்துக்குடியில் வேலை; மாதம் 2,500 கி.மீ. வருஷத்துக்கு 30,000. மேனுவலில் டிசையர் 1,210 லிட்டர் குடிக்கிற இடத்தில் அமேஸ் 1,609 கேட்கிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருஷம் 40,000 ரூபாய் வித்தியாசம். எனக்கு மாதம் 600 கி.மீ.தான், ஆட்டோமேட்டிக்கில் வருஷத்துக்குச் சுமார் 90 லிட்டர், 9,000 ரூபாய். அதே இரண்டு வண்டிதான், ஆனால் கேள்வியே வேறு. “மாப்ள, உனக்கு ஆயிரம், எனக்குப் பத்தாயிரம்லா” என்று அத்தான் சொன்னது மிகையாக இருந்தாலும் போக்கு சரி. டிசையரில் கம்பெனியே பொருத்தித் தரும் சிஎன்ஜியும் உண்டு, கிலோவுக்கு 33.73 கி.மீ. ஆனால் மேனுவலில் மட்டும். டிக்கியில் பாதிக்கு மேல் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும்.

டிக்கி எங்களுக்கு முக்கியம். ஊரிலிருந்து வெறுங்கையோடு யாரும் கிளம்புவதில்லை: ஒரு மூட்டை அரிசி, பத்துத் தேங்காய், ஒரு வாழைத்தார். டிசையர் 382 லிட்டர், அமேஸ் 416. தாரைப் படுக்க வைத்துப் பார்த்தேன். அமேஸில் காம்பு வெட்டாமல் போயிற்று. டிசையரில் குறுக்காகச் சாய்க்க வேண்டியிருந்தது, பக்கத்தில் பெட்டி வைக்க இடம் குறைந்தது.

அடிவயிறு தரையிலிருந்து டிசையரில் 163 மி.மீ., அமேஸில் 172. ஒன்பது மில்லிமீட்டர் விரல் பருமன்கூட இல்லை. ஆனால் ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய பிறகு எங்கள் தெரு முனை வேகத்தடையில் டிசையர் கர்ரென்று உரசியது, அமேஸ் தப்பித்தது. அளவில்லாமல் போட்டு வைத்த வேகத்தடை உங்கள் ஊரிலும் இருக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதில் ஏற்றிப் பாருங்கள்.

பாதுகாப்பில் இரண்டுக்கும் அடிப்படை மாடலிலேயே ஆறு ஏர்பேக். குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி இந்த டிசையர்தான்; ‘மாருதி என்றால் தகரம்’ என்ற பழைய பேச்சு இந்த வண்டிக்குப் பொருந்தாது. இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் இரண்டுமே 5 நட்சத்திரம். அமேஸின் உச்ச மாடலில் கேமரா வைத்துத் தானே பிரேக் போடும், கோட்டுக்குள் வண்டியைப் பிடித்து வைக்கும் வசதிகள் வருகின்றன. நான்குவழிச்சாலையில் அவை நல்லவை. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இலேசான வண்டிகள் இரண்டுமே நகரும். இரண்டு கையாலும் பிடித்து, 80-க்குக் கீழே போவதுதான் அங்கே வழி. கோடே அழிந்துபோன அம்பை ரோட்டில் அந்தக் கேமராவுக்கு வேலை குறைவு. அதற்காக மட்டும் உச்ச மாடலுக்குப் பணம் கொடுக்க மாட்டேன்.

சர்வீஸில் மாருதிக்குத்தான் வசதி. சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி. விற்கப் போனாலும் கேட்க ஆள் இருக்கும். வாடகைக்கு ஓடும் டிசையர்கள் அதிகம் என்பதால் ‘டாக்சி மாதிரி இருக்கு’ என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நாளெல்லாம் ஓட்டிப் பிழைக்கிறவர் நம்பி எடுக்கிற வண்டிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எது? ஹோண்டா என்றால் நான் திருநெல்வேலிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஷோரூமில் தந்த விலைச்சீட்டில் நான் கேட்காத மேட், சீட் கவர், ‘ஹேண்ட்லிங்’ என்று 30,000 ரூபாய்க்கு மேல் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்ட பிறகுதான் நீக்கினார்கள். வெளியில் இன்ஷூரன்ஸ் போடலாம் என்பதையும் நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தான் டிசையர் மேனுவலை முன்பதிவு செய்துவிட்டார். அவர் ஓட்டத்துக்கு வேறு முடிவே இல்லை. நான் அமேஸில் நடு மாடலான விஎக்ஸ் சிவிடி சொல்லியிருக்கிறேன். வண்டி வந்ததும் முதல் அமாவாசைக்கு அம்மாவைப் பாபநாசம் கூட்டிப்போக வேண்டும், படித்துறைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட வேண்டும்.