ஃபாரோவா, ரூபியா? எல்லாமே ஒப்ஜெக்ட் ஆன மொழியை எங்கே தொடங்குவது

உயர்தரத்தில் ஐ.சி.ரி. பாடத்துக்காகப் பைதன் படித்த பிள்ளைகள், பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஜாவா என்றுதான் சொல்வார்கள். ஜாவா நல்ல மொழி, வேலைக்கும் உதவும். ஆனால் ஒப்ஜெக்ட், அதாவது தரவும் அதைக் கையாளும் செயல்களும் ஒன்றாகச் சேர்ந்த பொருள், என்றால் என்ன என்று முதன்முதலாக விளங்கிக்கொள்ள அது தோதான இடமில்லை. அதில் இன்ட், டபுள், பூலியன் என 8 அடிப்படை வகைகள் ஒப்ஜெக்ட்டுகளுக்கு வெளியே நிற்கின்றன. பாடக்குறிப்புகளில் வழக்கமாக வரும் 'பப்ளிக் ஸ்டெற்றிக் வொய்ட் மெயின்' வரியை முதல் நாளே விளங்காமல் பாடமாக்க வேண்டியிருக்கிறது.

எல்லாமே ஒப்ஜெக்ட் என்ற கொள்கையில் நிற்கும் மொழி ஒன்றில் சில வாரம் இருந்துவிட்டு ஜாவாவுக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். கைக்கெட்டிய தூரத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஃபாரோ. 1970களில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அலன் கேய், டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பேர்க் முதலானோர் உருவாக்கிய ஸ்மோல்டோக் என்ற மொழியின் இன்றைய வாரிசு அது. 2008இல் தனிக்கிளையாகப் பிரிந்தது. மற்றது ரூபி. ஜப்பானின் யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்டது. இரண்டுமே இலவசம்.

ரூபியில் 5 ஓர் ஒப்ஜெக்ட், வெறுமையைக் குறிக்கும் நில்லும் ஓர் ஒப்ஜெக்ட். ஃபாரோவிலும் அப்படித்தான். பிறகு எங்கே பிரிகிறார்கள்?

'இஃப்' என்ற இடத்தில். ரூபியில் அது பைதனில் போலவே மொழியின் இலக்கணம். ஃபாரோவில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. ஒதுக்கப்பட்ட சொற்களே மிகச் சிலதான், அவற்றில் இஃப் இல்லை. 'ட்ரூ', 'ஃபோல்ஸ்' இரண்டும் தனித்தனி கிளாஸ்களின், அதாவது ஒப்ஜெக்ட் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் அச்சுகளின், ஒப்ஜெக்ட்டுகள். அவற்றுக்கு 'இஃப்ட்ரூ' என்ற செய்தியை ஒரு கோட் துண்டோடு அனுப்புகிறோம். ட்ரூவுக்குப் போனால் அது அந்தத் துண்டை இயக்கும், ஃபோல்ஸுக்குப் போனால் பேசாமல் விட்டுவிடும். ஒரே செய்தி, வாங்குகிறவரைப் பொறுத்து வேறு வேறு நடத்தை. பல்லுருவம் என்று பாடத்தில் வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கும் விடயம் இதுதான். ஃபாரோவுக்குள் ட்ரூ கிளாஸைத் திறந்தால் அந்த மெதட் (செய்தி வந்தால் இயங்கும் கோட்) ஒற்றை வரியில் இருக்கும். வேகத்துக்காகக் கம்பைலர் இதைக் குறுக்குவழியில் நடத்துவது உண்மை. ஆனாலும் கோட் அங்கே இருக்கிறது, வாசிக்கலாம். பல்லுருவத்துக்கு இதைவிடச் சிறிய, இதைவிட நேர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலையும் உண்டு. ரூபியில் 2 + 3 * 4 என்று கேட்டால் 14 வரும், ஃபாரோவில் 20. கூட்டலும் பெருக்கலும் வெறும் செய்திகள் என்பதால் இடமிருந்து வலமாகப் போகும். கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். அடைப்புக்குறி போடப் பழகினால் சரி. அதே ஃபாரோவில் (1/3) + (2/3) கேட்டால் துல்லியமாக 1 வரும், ஏனென்றால் அங்கே பின்னமும் ஓர் ஒப்ஜெக்ட். ரூபியில் அதையே அப்படியே எழுதினால் 0. முழு எண் வகுத்தல் இரண்டு பக்கமும் பூச்சியம் ஆக்கிவிடும்.

பிழை வரும்போதுதான் ஃபாரோவின் அருமை தெரியும். இல்லாத ஒரு மெதட்டை அழைத்துப் பாருங்கள். ரூபி 'அப்படியொரு மெதட் இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். ஃபாரோவில் ஒரு ஜன்னல் திறக்கும்: இந்த ஒப்ஜெக்ட்டுக்கு இந்தச் செய்தி விளங்கவில்லை. அதே ஜன்னலில் மெதட்டை உருவாக்கு என்று அழுத்தி, கோட்டை எழுதி, தொடர் என்றால் நின்ற இடத்திலிருந்தே புரோகிராம் மேலே போகும். ஓடிக்கொண்டிருக்கும் ஒப்ஜெக்ட்டுகளோடு நேரே கதைக்கிற இந்த அனுபவம் ஜாவாவுக்குப் போன பிறகும் யோசிக்கிற விதத்தில் தங்கியிருக்கும்.

ரூபியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஃபாரோவுக்கு லப்டொப் வேண்டும். ரூபிக்கு ஆண்ட்ரொய்ட் போன் போதும், கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் டேர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு நிறுவிக்கொள்ளலாம். வீட்டில் ஒரே லப்டொப்பை அண்ணனும் தங்கையும் பங்குபோடும் இடத்தில் இது பெரிய வித்தியாசம். வேலை என்று பார்த்தாலும் கிற்ஹப், ஷொப்பிஃபை போன்ற இணையத்தளங்கள், ரூபியில் இணையத்தளம் கட்டும் சட்டகமான ரூபி ஒன் ரெயில்ஸில் எழுந்தவை. ஃபாரோ கேட்டு வரும் விளம்பரத்தைக் காண்பது அரிது.

அப்புறம், தமிழ். ரூபியில் முழு எண் கிளாஸைத் திறந்து 'இரட்டி' என்று ஒரு மெதட் சேர்த்து, 5.இரட்டி என்று எழுதினால் 10 வரும். பெயரைத் தமிழில் வைக்க ரூபி எந்தத் தடையும் சொல்லாது. 'வணக்கம்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 7 என்கும். புள்ளிகளையும் தனியாக எண்ணுகிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் 'கிராபீம் கிளஸ்டர்ஸ்' மெதட்டால் பிரித்து எண்ணினால் நாம் எண்ணுகிற 5 கிடைக்கும். தமிழில் செயலி செய்ய நினைக்கிறவர் இதை முதல் வாரத்திலேயே செய்துபார்க்க வேண்டும்.

லப்டொப் கையில் இருந்தால் என் தெரிவு ஃபாரோதான். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை, மொழியின் முழு மூலக்கோடும் உள்ளேயே இருக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் எழுதிய கோட்டை எபிசியா என்ற பதிவேட்டிலிருந்து மீட்கலாம். திறந்தவுடன், கோட் எழுதி ஓட்டிப் பார்க்கும் பிளேகிரவுண்ட் ஜன்னலில் உள்ளிணைந்த பாடமான புரொஃப்ஸ்டெஃப்பை இயக்குங்கள். கோட்டை ஓட்ட கொன்ட்ரோல் டி, விடையை அச்சிட கொன்ட்ரோல் பி. அது முடிந்ததும் ட்ரூ, ஃபோல்ஸ் இரண்டு கிளாஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வாசியுங்கள். போன் மட்டும்தான் என்றால் தயங்காமல் ரூபியில் தொடங்குங்கள். ஆனால் ரெயில்ஸுக்கு உடனே தாவ வேண்டாம். ரூபியை வரிவரியாக எழுதி உடனே விடை பார்க்கும் ஐஆர்பியில் ஒவ்வொரு பெறுமதியிடமும் அதன் கிளாஸ் எது, அதற்கு எந்த மெதட்டுகள் தெரியும் என்று கேட்டுக்கேட்டே முதல் சில நாட்களைக் கழியுங்கள்.