26ஐ 700சி ஆக்கி, திரும்ப 26க்கே வந்த கதை

நான்கு வருடமாக ரிக்கம்பென்ட் என்கிற சாய்வு சைக்கிள் ஓட்டுகிறேன். பல்லடத்து டீக்கடையில் இன்னமும் "ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சுங்களா, படுத்துட்டே ஓட்டறீங்க?" என்கிறார்கள். ஆடிக்காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், ஏன் படுத்திருக்கிறேன் என்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நிமிர்ந்து உட்கார்ந்தவனைத்தான் முதலில் பிடிக்கும்.

வண்டி வந்தபோது முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 26. பெரிய சக்கரம் வேகம் தரும் என்று நம்பிப் பின்னால் 700சி என்கிற, 26ஐவிடப் பெரிய அளவுச் சக்கரம் போட்டேன். டிஸ்க் பிரேக் என்பதால் முடிந்தது. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் கட்டை எட்டவே எட்டாது. ரிம் விட்டக் கணக்கில் 559 மி.மீ., 622 ஆனது. ஆனால் டயர் அகலம் 44 மி.மீ.யிலிருந்து 28க்கு மெலிந்ததால் பின்பக்கம் உயர்ந்தது ஒன்றரை செ.மீ. மட்டுமே. அதற்கே சீட் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிர்ந்து, இடுப்பு முன்னால் வழுக்கியது. கியர் 5 சதவீதம் கனத்தது. எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டியில் மருதமலை ஏற்றத்தில் அந்த ஐந்து என்ன செய்யும் என்பது என் முழங்காலுக்குத் தெரியும். ஸ்பீடோமீட்டரில் சுற்றளவை மாற்ற மறந்து, வேகம் குறைந்துவிட்டதென்று ஒரு வாரம் புலம்பியது தனிக்கதை. மாற்றிய பிறகும் கூடவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் வெறுத்தது காங்கேயம் பக்கத்தில். பஞ்சர் கடையில் 700சி டியூப் இல்லை, மெல்லிய பிரஸ்டா வால்வுக்குப் பம்பும் சேரவில்லை. குட்டியானையில் ஏற்றித்தான் வீடு வந்தேன். 26 அங்குல டியூப் எந்த ஊர்க் கடையிலும் தொங்கும்.

உண்மையில் பலன் தந்த மாற்றம் முன்சக்கரத்தில், அதுவும் அளவை மாற்றாமல். 28-406 டயரைக் கழற்றி 47-406 (முதல் எண் டயர் அகலம், அடுத்தது ரிம் விட்டம், மி.மீ.யில்) போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். குழியில் மண்டை அதிர்வது நின்றது. முன்பக்கம் இரண்டு செ.மீ. உயர்ந்து சீட்டும் இன்னும் சாய்ந்தது. அது எனக்கு லாபம். 24 அங்குலம் போடச் சொன்னவர்களும் உண்டு. என் வண்டியில் அதைப் போட்டால் திருப்பும்போது குதிகால் டயரில் உரசும்.

அந்த 700சி சக்கரம் இப்போது தோட்டத்துச் சாளையில் தொங்குகிறது. வேண்டுமென்பவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்; டியூப் உங்கள் செலவு.