பேட்டரி மாற்றும்போது மெமரி சேவர்: வாங்கலாமா, வேண்டாமா?

கார் பேட்டரியைக் கழற்றினால் வண்டி சில விஷயங்களை மறந்துவிடும். கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் போகும். பவர் விண்டோ ஒரே தட்டில் மேலே ஏறுவது நின்றுவிடும். ஐடிலிங்கில் எவ்வளவு காற்று விட வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் பழகி வைத்த கணக்கு பல வண்டிகளில் அழியும். இதையெல்லாம் தடுப்பதற்கென்று விற்கிற சிறு கருவிதான் மெமரி சேவர். பேட்டரி இல்லாத அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு வேறு ஒரு 12 வோல்ட் மூலத்திலிருந்து வண்டிக்குக் கரண்ட் கொடுப்பது, அவ்வளவே இதன் வேலை. சந்தையில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்றை வாங்கவே வேண்டாம். இன்னொன்று நல்ல கருவி, ஆனால் எல்லோருக்கும் தேவைப்படாது.

வேண்டாத வகையை முதலில் முடித்துவிடலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் பிளக், அதன் பின்னால் ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி. இதில் இரண்டு கோளாறு. முதலாவது, சாவியை எடுத்ததும் லைட்டர் சாக்கெட்டுக்குக் கரண்ட் நின்றுவிடும் வண்டிகள் ஏராளம். அவற்றில் எதைச் சொருகினாலும் உள்ளே எதுவும் போகாது. இரண்டாவது, அந்த 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி, அதுவும் மிகக் குறைந்த லோடில்தான். முழுதாகத் தூங்கிவிட்ட கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதைக் கொஞ்ச நேரம் தாங்கலாம். ஆனால் யாராவது ஒரு கதவைத் திறந்தால் போதும். கேபின் விளக்கு எரியும், கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும், இழுப்பு ஆம்பியர் கணக்கில் எகிறும். 9 வோல்ட் அந்த நொடியே சரிந்துவிடும், மெமரியும் போய்விடும். பேக்கெட்டின் மேல் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நடக்கும்.

வாங்கத் தகுந்தது ஓபிடி வகை. ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும், மெக்கானிக் வண்டியின் கோளாறுகளைப் படிக்கப் பயன்படுத்தும் 16 பின் சாக்கெட்டில் (ஓபிடி சாக்கெட்) சொருகுவது. அந்தச் சாக்கெட்டின் 16-ஆம் பின் பேட்டரியின் பாசிட்டிவ், 4-உம் 5-உம் எர்த். சாவி இல்லாத நேரத்திலும் 16-ஆம் பின்னில் பொதுவாகக் கரண்ட் இருக்கும் என்பதால் இங்கே கொடுக்கிற 12 வோல்ட் நேராக வண்டியின் பாசிட்டிவ் லைனுக்குப் போய்ச் சேரும். கேபிளின் மறுமுனையில் இரண்டு கிளிப் இருக்கும். அதை யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் மாட்டினால் தாராளம். பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்ப உதவும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரில் மாட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லோடு மிகக் குறைவாக இருந்தால் தானாகவே அணைந்துகொள்ளும் ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் பல. தூங்குகிற கார் இழுக்கும் 50 மில்லி ஆம்பியர் அவற்றின் கண்ணுக்கே தெரியாது.

வாங்கும்போது கேபிளில் இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று ஃபியூஸ், அதுவும் கிளிப் இருக்கும் முனையில். இன்னொன்று டையோடு. புது பேட்டரியை மாட்டியதும் அதிலிருந்து கரண்ட் பின்னோக்கி ஓடி அந்தச் சின்ன பேட்டரிக்குள் பாயாமல் தடுப்பது டையோடுதான். பல கேபிள்களில் ஒரு எல்இடி இருக்கும். அது எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்ப வேண்டாம். கிளிப் முனையில் பேட்டரி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே பல மாடல்களில் அது காட்டும். வண்டிக்குள் கரண்ட் போகிறதா என்பதை மல்டிமீட்டர் மட்டும்தான் சொல்லும்.

இனி இந்தக் கருவியின் ஆபத்தான பக்கம். விளக்கத்தாள்களில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். சாதாரணமாகப் பேட்டரி மாற்றும்போது முதலில் நெகட்டிவைக் கழற்றுவோம், கடைசியில் அதை மாட்டுவோம். நெகட்டிவ் கழன்ற பிறகு ஸ்பேனர் தவறிப்போய் பாசிட்டிவையும் பாடியையும் சேர்த்துத் தொட்டாலும் எதுவும் ஆகாது என்பதுதான் அந்த வரிசைக்குக் காரணம். மெமரி சேவர் சொருகியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பேட்டரியையே தூக்கி வெளியே வைத்துவிட்டாலும் பாசிட்டிவ் கிளாம்பில் 12 வோல்ட் இருக்கும். அது ஃபெண்டரிலோ பேட்டரித் தட்டிலோ பட்டால் சேவரின் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் ஓபிடி சாக்கெட்டுக்கான வண்டியின் ஃபியூஸ் போகும். எந்த மெமரியைக் காப்பாற்றக் கிளம்பினோமோ அதுவும் போகும். ஆகவே கழற்றிய அடுத்த நொடியே பாசிட்டிவ் கிளாம்பைத் தடித்த ரப்பர் கையுறைக்குள் நுழைத்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட வேண்டும். துணி சுற்றினால் அவிழும், ஈரமாகவும் இருக்கலாம். கையுறைதான் சரி.

வேலை வரிசை இப்படிப் போக வேண்டும். ஜன்னல் கண்ணாடி ஒன்றை இறக்கிவிட்டு, சாவியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். டிரைவர் கதவு திறந்தே இருக்கட்டும், ஆனால் கதவின் லாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தால் கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும், கேபின் விளக்கு அணையும். (வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவிக்க மறக்கக் கூடாது. மூடிய லாக்கோடு கதவை அறைந்தால் லாக்கு வளையும்.) வண்டி தூங்க 15 நிமிடம் விடுவது நல்லது. பிறகு பழைய பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். 12-க்கு மேல் இருந்தால் சேவரைச் சொருகலாம். பேட்டரி அடியோடு செத்துப்போய் 8, 9 வோல்ட் காட்டினால் சேவரை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். மெமரி ஏற்கெனவே போயிருக்கலாம், அதோடு சேவரின் சின்ன பேட்டரி அந்தச் செத்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கிளம்பி ஃபியூஸை எரித்துவிடலாம்.

சொருகியாயிற்று. நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மி.மீ ஸ்பேனர் போதும், சிலவற்றுக்கு 13. இப்போது பாசிட்டிவ் கேபிளின் கிளாம்புக்கும் இன்ஜினின் ஒரு சுத்தமான போல்ட்டுக்கும் நடுவே மல்டிமீட்டரால் வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் இன்னும் பழைய பேட்டரியில் மாட்டியிருந்தாலும் பரவாயில்லை, நெகட்டிவ் கழன்றுவிட்டதால் அங்கே தெரிகிற வோல்ட்டேஜ் முழுக்கச் சேவருடையதுதான். 12 காட்டினால் தொடரலாம். பூஜ்யம் என்றால் ஒன்று அந்த வண்டியின் 16-ஆம் பின் சாவியோடு சேர்ந்து அணைகிறது, அல்லது ஃபியூஸ் போயிருக்கிறது. எப்படியும் மெமரி போய்விட்டது. சேவரை உருவிவிட்டு வழக்கம்போல மாற்றினால் போதும்.

மீதி வேலை சேவர் இல்லாதவர்களுக்கும் பொது. பாசிட்டிவ், பிறகு கீழேயிருக்கும் பிடிப்பு போல்ட். பேட்டரி 12 முதல் 20 கிலோ எடை, முதுகை வளைக்காமல் தூக்க வேண்டும். தட்டிலும் கிளாம்பிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து தடவி, துலக்கி, துடைத்துக் காயவிட வேண்டும். புது பேட்டரியை வைக்கும் முன் பாசிட்டிவ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழையதோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பக்கம் மாறி வாங்கி வந்து, கேபிளை இழுத்து எட்டவைக்கப் பார்ப்பது நிறைய நடக்கிறது. ஐரோப்பிய வகை பேட்டரியில் பாசிட்டிவ் கம்பம் 19.5 மி.மீ, நெகட்டிவ் 17.9 மி.மீ. கிளாம்பு ஒன்றில் தளர்வாகவும் இன்னொன்றில் இறங்காமலும் இருந்தால் திருப்பிப் போடுகிறோம் என்று பொருள். சுத்தியலைத் தேடக் கூடாது. சேவர் சொருகிய நிலையில் தலைகீழாக மாட்டினால் சேதம் சேவரோடு நிற்காது, கம்ப்யூட்டர் வரை போகும். பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் வண்டி என்றால், அதன் வாயு வெளியேறும் சின்னக் குழாயைத் திரும்பச் சொருக வேண்டும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் இறுகியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் சேவரை உருவ வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டைத் தாண்டித் தரும். டையோடு இல்லாத கேபிளில் அது மெல்லிய ஒயர் வழியாகச் சின்ன பேட்டரிக்குள் கொட்டும்.

இவ்வளவும் செய்து மிச்சமாவது என்ன? பெரும்பாலான வண்டிகளில் மெமரி போனால் திரும்பப் பழக்குவது ஐந்து, பத்து நிமிட வேலை. கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் ஆட்டோ விண்டோ திரும்பிவிடும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் பல வண்டிகளில் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு அணையும். சில நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் இன்ஜின் சமாளித்துக்கொள்ளும். இதற்காக ஒரு கேபிள், ஒரு தனி பேட்டரி, ஒரு ஆபத்து என்பது அதிகம்தான்.

ஆனால் மூன்று பேருக்கு இதை வாங்கச் சொல்வோம். ரேடியோ கோடு கேட்கும் வண்டியை வைத்துக்கொண்டு கோடைத் தொலைத்தவர். ஓபிடி சாக்கெட் வழியாகக் கம்ப்யூட்டரையும் படித்துப் பார்க்கும் வகைப் புகைப் பரிசோதனை நெருங்கியிருப்பவர்: கரண்ட் போனால் புகைக் கட்டுப்பாடு சரியா என்று கம்ப்யூட்டர் தானே செய்துவைக்கும் தயார்நிலைச் சோதனைகள் பூஜ்யத்துக்குப் போகும், அவை முடியச் சில நாள் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழக்கம் அழிந்து கியர் மாறும்போது குலுங்குவதைப் பொறுக்காதவர்.

சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானே அணைந்து திரும்பக் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் ஏமாற வேண்டாம். நெகட்டிவ் கம்பத்தில் பேட்டரி சென்சார் உள்ள பல வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேன் டூல் (ஓபிடி சாக்கெட்டில் சொருகி வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) மூலம் பதிவு செய்ய வேண்டும். சேவர் அதைச் செய்யாது. பழைய பேட்டரியின் கணக்கையே வண்டி தொடரும், புதியதைப் பழையதாக நினைத்தே சார்ஜ் செய்யும். அங்கே ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும் வகை பேட்டரி) இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் வர வேண்டும் என்பதும் சேர்ந்தே வரும் விதி. இந்த வண்டிகளுக்குச் சேவருக்குச் செலவழிப்பதை ஸ்கேன் டூலுக்குச் செலவழிக்கலாம்.