பெட்டியில் 12,800, கையில் 800

போன மாதம் சித்தியின் மகன் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கேமிங் மவுஸ் வாங்கிக்கொண்டு நேரே வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். பஸ்ஸிலேயே பெட்டியைப் பிரித்துவிட்டான். செருப்பைக் கழற்ற முதலே, "அண்ணா, இது 12,800 டி.பி.ஐ., உங்கட மவுஸ் 12,000 தானே?" என்றான். அவன் கொடுத்தது 3,200 ரூபா. என்னுடையது லொஜிடெக் ஜி304, அதன் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினது. பெட்டியை மட்டும் பார்த்தால் நான்தான் ஏமாளி.

சரி, சோதித்தே பார்ப்போம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு மவுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடைய மவுசின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, அதே உடம்பு நாலைந்து பெயரில் நாலைந்து பெட்டியில் விற்கிறது. ஜி304 பற்றி மட்டும் பெயரோடு எழுதுகிறேன். ஜி305 என்று வேறு பெட்டியில் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே சாமான்தான்.

முதலில் இந்த டி.பி.ஐ. கதை. மவுசை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் அது. 800 டி.பி.ஐ. என்றால் அங்குலத்துக்கு 800. விண்டோசில் வேகத்தை நடுக் கோட்டில் வைத்து, அந்த 'என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன்' என்ற சரியை எடுத்துவிட்டால் (கேம் விளையாடுகிறவர்கள் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், அது இருந்தால் கையின் வேகத்துக்கு ஏற்ப தூரம் மாறிக்கொண்டே இருக்கும், கைக்குப் பழக்கமே வராது) ஒரு எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் நகரும். 1920 பிக்சல் அகலத் திரையை 800இல் கடக்க 2.4 அங்குலம் போதும், ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர். 12,800இல் கடக்க நாலு மில்லிமீற்றர்கூடத் தேவையில்லை. ஒரு கீரிச் சம்பா அரிசியின் நீளம் என்று வையுங்கள். அந்த அரிசித் தூரத்துக்குள் எதிரியின் தலையைக் குறிவைக்கிற ஆள் யாராவது இருந்தால் அவர் வலோரன்ட் மாதிரிச் சுடுகிற கேம் விளையாட வேண்டாம், கண் ஒப்பரேஷன் செய்யலாம். தொழில்முறையாக விளையாடுகிறவர்களே பெரும்பாலும் 400க்கும் 1600க்கும் நடுவில்தான் வைத்திருக்கிறார்கள். 1999இல் ரேசர் நிறுவனம் கொண்டுவந்த பூம்ஸ்லாங் என்ற மவுசே 2000 டி.பி.ஐ. என்று சொல்லித்தான் விற்றது, அதுவும் உள்ளே பந்து உருள்கிற காலத்து மவுஸ். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த இலக்கத்தைத் தொடாமலே ஆட்கள் கோப்பை வெல்கிறார்கள்.

அப்ப எதற்கு 12,800 என்று போடுகிறான்? பெரிய இலக்கம் தெருவில் இருந்தே தெரியும், அதற்குத்தான்.

அந்த இலக்கம் உண்மையாவது உண்மையா என்று பார்க்க ஒரு அடிமட்டமும் பெயின்ட் மென்பொருளும் போதும். அடிமட்டத்தை மேசையில் செலோடேப்பால் ஒட்டி, மவுசின் இடது விளிம்பைப் பூச்சியத்தில் வைத்து, ஒரு அங்குலம் மெதுவாக வலப்பக்கம் தள்ளி, கீழே தெரிகிற பிக்சல் எண்ணைக் குறித்தேன். இரண்டையும் 800இல் வைத்துத்தான். ஜி304 ஐந்து தடவையும் 790க்கும் 810க்கும் இடையில் நின்றது. மற்றது ஒரு தடவை 1,040, இன்னொரு தடவை 960, வேகமாகத் தள்ளினால் 900க்கும் கீழே. அதை 12,800இல் வைத்தபோது அளக்கவே முடியவில்லை, கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "மேசை ஆடுது போல" என்றான். மேசை ஆடவில்லை.

ஏன் இப்படி என்றால், மவுசின் வயிற்றில் இருக்கிற சென்சர் ஒரு சின்னக் கமரா. அடியில் வெளிச்சம் அடித்து, மேசையை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கமராவால் பிரித்தறியக்கூடிய நுணுக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேலே போடுகிற இலக்கம் வெறும் பெருக்கல். ஒன்றை இரண்டாகவும் நாலாகவும் பெருக்கிச் சொன்னால் இலக்கம் கூடும், பார்வை கூடாது, கூடவே இரைச்சலும் (சத்தம் இல்லை, சென்சர் பிழையாக எண்ணுகிற சின்னச் சின்ன அசைவு) நாலு மடங்காகும். திரையில் நடுங்கியது அந்த இரைச்சல்தான்.

ஆகவே பெட்டியில் தேட வேண்டியது சென்சரின் பெயரை. தாய்வானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் செய்கிற சென்சர்கள்தான் சந்தையில் நிறைய மவுஸ்களில் வேறு வேறு பெயரில் ஓடுகின்றன. பி.எம்.டபிள்யூ.3360 என்று ஒன்று (தமிழில் எழுதினால் காரின் பெயர் மாதிரியே இருக்கிறது, என்ன செய்ய), பழையது, ஆனாலும் இன்றைக்கும் குறை சொல்ல முடியாதது. பி.ஏ.டபிள்யூ.3395 அதைவிடப் புதியது, வயர்லெஸ் மவுஸ்களில் பார்க்கலாம். லொஜிடெக் தனக்கென்று 'ஹீரோ' என்ற சென்சர் வைத்திருக்கிறது, ஜி304க்குள் இருப்பது அது. தம்பியின் பெட்டியில் 'ஹை பிரிசிஷன் கேமிங் சென்சர்' என்று மட்டும் இருந்தது. அரிசிப் பையில் 'நல்ல அரிசி' என்று எழுதி வைத்தது மாதிரி.

சென்சருக்குப் பக்கத்தில் ஐ.பி.எஸ். என்று ஒரு சின்ன இலக்கம் இருக்கும். டி.பி.ஐ.யைவிட எனக்கு அதுதான் முக்கியம். மவுசை வினாடிக்கு எத்தனை அங்குல வேகத்தில் வீசினாலும் சென்சர் தடம் தவறாது என்பதைச் சொல்வது அது. ஜி304க்கு 400, அதாவது வினாடிக்குப் பத்து மீற்றர். என் கை அந்த வேகத்தை எந்தக் காலத்திலும் எட்டாது. தம்பியின் பெட்டியில் இந்த இலக்கமே இல்லை, அதனால் வலோரன்டின் பயிற்சி இடத்துக்குப் போய் நாங்களே பார்த்தோம். ஒரு கதவின் மூலையில் குறியை வைத்து, மவுசை வேகமாக வலப்பக்கம் வீசி, பிறகு மெதுவாகப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தோம். நல்ல சென்சர் என்றால் குறி அதே மூலைக்குத் திரும்பும். ஜி304 திரும்பியது. மற்றது ஒரு கதவு அகலம் தள்ளி நின்றது, மூன்றாவது வீச்சில் நேரே வானத்தைப் பார்த்தது. "இதுதான்! நேற்று ராத்திரி இதாலதான் செத்தனான்" என்றான் தம்பி. அவன் செத்ததற்கு எல்லாம் மவுஸ் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அந்த ஒரு தடவைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது போலிங் ரேட். மவுஸ் வினாடிக்கு எத்தனை தடவை கணினியோடு பேசுகிறது என்பது. 125 என்றால் எட்டு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, 1000 என்றால் ஒரு மில்லிசெக்கன். தம்பியின் பெட்டியில் '1 மில்லிசெக்கன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, உலாவியில் திறக்கிற ஒரு சோதனைப் பக்கத்தில் பார்த்தால் 125ஐத் தாண்டவில்லை. இது சும்மா இலக்கச் சண்டை இல்லை. 144 ஹெர்ட்ஸ் திரை ஏழு மில்லிசெக்கனுக்கு ஒரு படம் காட்டுகிறது, மவுஸ் எட்டுக்கு ஒரு தடவைதான் பேசினால் சில படங்களுக்குப் புதுச் செய்தியே வராது, குறி தத்தித் தத்திப் போவது கண்ணுக்குத் தெரியும். ஆக 1000 வேண்டும். 8000 வேண்டுமா என்று கேட்டால், கொழும்பில் இருந்து மும்பாய்க்கோ சிங்கப்பூருக்கோ சேர்வர் பிடித்து விளையாடுகிறோம், இரவு எட்டு மணிக்கு பிங் (செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம்) எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவாக மிச்சம் பிடிக்க பிரொசெசரையும் பற்றரியையும் தின்னக் கொடுப்பது எனக்குச் சரிவரவில்லை. காசு இருக்கிறவர்கள் வாங்கட்டும்.

எடையும் அளவும் பற்றிக் கடையில் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் தோள் வலிக்கிறதும் வலிக்காததும் அதில்தான். அம்மா கேக்குக்கு மா நிறுக்கிற தராசில் இரண்டையும் வைத்தேன். தம்பியுடையது வயரைத் தூக்கிப் பிடித்தபடியே 128 கிராம். திறந்து பார்த்தால் அடியில் ஒரு இரும்புத் துண்டு ஒட்டியிருக்கிறது, வேறு வேலை இல்லை, கையில் எடுத்தால் 'கனதியான சாமான்' என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான். ஜி304 பற்றரியோடு 99 கிராம். இந்தக் காலத்துக்கு அதுவும் பாரம்தான், லொஜிடெக்கின் ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு, ரேசரின் டெத்ஆடர் வி3 வயரைச் சேர்க்காமல் 59. ஆனால் ஜி304இல் ஒரு வித்தை இருக்கிறது. அதில் இருப்பது சாதாரண டபிள் ஏ பற்றரி, தனியாக 23 கிராம், அதுவும் பின்பக்கமாகத் தூங்குகிறது. ஒரு பிளாஸ்டிக் உறையில் ட்ரிபிள் ஏ பற்றரியைப் போட்டு வைத்தால் பத்துக் கிராம் குறையும். பத்துக் கிராம் என்ன பெரிய விஷயம் என்று நானும் நினைத்தேன், ஒரு இரவு விளையாடிய பிறகு திரும்ப மாற்றவில்லை.

அளவுக்கு, நடுவிரல் நுனியில் இருந்து மணிக்கட்டுக் கோடு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஜி304 நீளம் 116.6 மில்லிமீற்றர், சின்ன மவுஸ். என் கை 18 சென்ரிமீற்றர், விரலை வளைத்துப் பிடிக்கிற பழக்கம், எனக்கு அளவாக இருக்கிறது. உள்ளங்கை முழுவதும் மவுசில் படுத்திருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு, கை பெரிய ஆட்களுக்கு, இது ஆகாது, டெத்ஆடர் மாதிரி 128 மில்லிமீற்றர் உடம்பைப் பார்க்கலாம். எந்த இலக்கமும் இதைச் சொல்லித் தராது, கடையில் பிரித்து வைத்திருக்கிற மவுசைப் பிடித்துப் பார்க்க விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இனிக் கிளிக் கணக்கு. ஜி304க்கு ஒரு கோடி கிளிக் என்று நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அமுக்கினால் ஆயிரம் நாள், மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைய. இதற்கு முதல் நான் வைத்திருந்த வேறொரு மவுசின் பெட்டியில் இரண்டு கோடி என்று இருந்தது, ஒன்றரை வருடத்தில் ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்குப்பட்டது. ஒரு ஃபைலைத் தெரிவுசெய்யப் போனால் திறந்துகொள்ளும், இழுத்துக்கொண்டு போனால் நடுவழியில் விழுந்துவிடும். உள்ளே இருப்பது ஒரு மெல்லிய உலோக நாக்கு, அது தொட்டு விலகும்போது துள்ளும், காலம் போகப் போக நாக்கு தளர்ந்து, தொடுகிற இடம் கறுத்து, துள்ளலும் கூடும். கோடி என்ற கணக்கு அந்த நாக்கு முறியாமல் இருப்பதற்குத்தான், சுத்தமாகத் தொடுவதற்கு இல்லை. கடலில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம், யன்னல் கம்பியே துருப்பிடிக்கிற வீட்டில் மவுஸ் மட்டும் தப்புமா என்று என் எண்ணம். ஒப்டிகல் சுவிட்ச் என்றால் வெளிச்சக் கோட்டை மறிப்பதுதான் கிளிக், தொடுகை இல்லை, இந்த நோயும் இல்லை. அடுத்த மவுஸ் எனக்கு அதுதான்.

வெக்கை ஊருக்கு இன்னும் ஒன்று: பக்கத்தில் இறப்பர் பூசின மவுஸ் வாங்காதீர்கள். ஒரு வருடத்தில் கொட்டிய தேன் மாதிரிக் கையில் ஒட்டும், துடைத்தால் கருப்பாக உரியும். ஜி304 வெறும் பிளாஸ்டிக், பார்க்க மலிவாக இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பற்றரியும் முடிந்தால் சந்திக் கடையில் கிடைக்கும், 250 மணித்தியாலம் வரை போகும் என்கிறார்கள், எனக்கு நாளுக்கு மூன்று நாலு மணித்தியாலம் என்று இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. உள்ளே ஒட்டிய பற்றரி என்றால் அது செத்த அன்றைக்கு யாரிடம் கொண்டு போவது?

தம்பி கடைசியில் தன் மவுசை என் மேசையில் விட்டுவிட்டு, காசு சேர்த்து ஜி304 வாங்கப் போவதாகச் சொல்லிப் போனான். லைட் இல்லை என்பது மட்டும்தான் அவனுக்குக் கவலை. விட்டுப்போனதை அம்மாவின் லப்டொப்பில் செருகிக் கொடுத்தேன், சீரியல் பார்க்க 125 ஹெர்ட்ஸ் தாராளம், ஏழு நிறத்தில் மினுங்குவது அவவுக்கு நல்லாப் பிடித்தும் விட்டது. நேற்று ராத்திரி படுக்கப் போகும்போது, "இதை எப்படியடா நூர்க்கிறது?" என்று கூப்பிட்டா. தேடிப் பார்த்தேன், பெட்டியில் இருந்த தாளையும் பிரித்துப் படித்தேன். அணைக்கிறதுக்குப் பொத்தானே வைக்கவில்லை. இப்போது இரவில் அதன் மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கவிழ்த்து வைத்திருக்கிறோம்.