டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பெருக்கிச் சுத்தமாக்க எந்தக் கருவி?

டவுன்லோட்ஸைத் திறந்தால் கரண்ட் பில் பிடிஎஃப், யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை, என்றோ நிறுவி முடித்த மென்பொருளின் செட்டப் ஃபைல் எல்லாம் ஒரே குவியல். கையால் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிறு காலி. அடுத்த மாதம் பழையபடி ஆகிவிடும். ஒருமுறை விதி எழுதி வைத்தால் அதன்படி பிரித்துப் போடும் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் நான்கை மட்டும் பார்ப்போம்.

மேக் வைத்திருப்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டாம், ஹேசல் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஃபோல்டரைக் கண்காணித்து, பெயர், தேதி, உள்ளே இருக்கும் சொல் ஆகியவற்றைப் பார்த்து நகர்த்தும், பெயரும் மாற்றும். ஒரு ஃபைல் விதியில் சிக்குமா என்று முன்கூட்டியே சோதித்தும் பார்க்கலாம். மேக்கில் 2018இல் வந்த ஸ்டாக்ஸ் வசதியை இதற்கு மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அது டெஸ்க்டாப்பில் அடுக்கிக் காட்டுவதோடு சரி, எதையும் நகர்த்தாது.

விண்டோஸில் ஹேசலுக்கு நெருக்கமானது ஃபைல் ஜக்லர். இதுவும் கட்டண மென்பொருள். பிடிஎஃப்பைத் திறந்து படித்து, உள்ளே இன்ன சொல் இருந்தால் இன்ன ஃபோல்டர் என்று அனுப்பும். ஆங்கில பில்களுக்கு அருமை. தமிழ் பிடிஎஃப் என்றால் எந்தக் கருவியும் தடுமாறும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ‘பட்டா’ என்று விதி எழுதினால் அதில் சிக்காது. ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம். அதனால் என் வீட்டு ஆவணங்களுக்கு உள்ளடக்கத்தை நம்புவதில்லை; சேமிக்கும்போதே பெயரை ஒழுங்காக வைத்துவிட்டு, விதியைப் பெயரின் மேல் எழுதுகிறேன்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’வில் ‘க’வைச் சுற்றி வரும் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய மேக்கின் ஃபைல் அமைப்பு இரண்டாகப் பிரித்தே வைக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விதி மட்டும் வேலை செய்யாது.

இலவசம்தான் வேண்டும் என்றால் போட்டி ட்ராப்இட்டுக்கும் ஆர்கனைஸுக்கும். ட்ராப்இட் விண்டோஸுக்கு மட்டும். திரையில் ஒரு சின்ன ஐகான் மிதக்கும். அதன் மேல் ஃபைல்களை இழுத்துப் போட்டால் விதிப்படி பிரிந்து போகும். தானாகக் கண்காணிக்கவும் சொல்லலாம், ஆனால் நாம் இழுத்துப் போடும்போது மட்டும் நகர்வதுதான் புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

ஆர்கனைஸ் பைத்தானில் எழுதியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பட்டன் எதுவும் கிடையாது. விதிகளை ஒரு யாமல் ஃபைலில், அதாவது இடைவெளி விட்டு வரிசைப்படுத்தி எழுதும் வெறும் எழுத்து ஃபைலில், எழுத வேண்டும். ஒரு இடைவெளி தப்பினாலும் முறைக்கும். தானாக ஓட வேண்டுமென்றால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரிலோ (விண்டோஸ்) கிரானிலோ (மேக், லினக்ஸ்) நாமே மாட்டிவிட வேண்டும். இவ்வளவு இருந்தும் நான் இதில் நின்றுவிட்டேன். காரணம், இதன் ஒத்திகைக் கட்டளை. எந்த ஃபைல் எங்கே போகும் என்று முழுப் பட்டியலையும் காட்டும், ஒன்றையும் தொடாது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தாலும், நாம் வேறு சொல்லாதவரை புதியதற்குப் பெயர் மாற்றி வைக்குமே தவிர பழையதை அழிக்காது.

புகைப்படங்களில்தான் இதன் அருமை தெரிந்தது. கேமரா படத்தில் எடுத்த தேதி உள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து ஆண்டுவாரியாகப் பிரித்துவிடலாம். வாட்ஸ்அப் வழியே வந்த படத்தில் அந்தத் தகவல் போய்விடும். ஆனால் ஆண்ட்ராய்டில் சேமிக்கும் பெயரிலேயே 8 இலக்கத் தேதி இருக்கும். அது படம் வந்த நாள்தான், எடுத்த நாள் அல்ல, பரவாயில்லை. முதல் 4 இலக்கத்தை ஆண்டாக எடுத்துக்கொள் என்று ஆர்கனைஸுக்கு ஒரு விதி எழுதினேன். பல வருடக் குவியல், டீ ஆறுவதற்குள் பிரிந்தது.

எதை எடுத்தாலும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பாதி இறங்கிய ஃபைலுக்கு வைக்கும் தற்காலிகப் பின்னொட்டுகளை விதியிலிருந்து விலக்கிவிடுங்கள். ‘டவுன்லோட்ஸில் உள்ள எல்லாம்’ என்று பொதுவாக எழுதி, இறங்கிக்கொண்டிருந்த பெரிய ஃபைலை நடுவழியில் நகர்த்தப் பார்த்த புத்திசாலி நான்தான்.

அப்பாவின் கணினியில் ட்ராப்இட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாமல் என்றால் என்ன என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.