தடித்த கத்தி எதற்கு? மதுரைப் பக்கம் வெளியில் தங்க எடுத்துப்போகும் கருவிகள்: நான்கு வருடப் புழக்கம்

மதுரையைச் சுற்றிக் கண்மாய்க்கரையிலோ தோப்பிலோ கூடாரம் போடுகிறவர்களுக்கு வேலை வைக்கிற மரம் சீமைக் கருவேலம். முதலில் அதன் முள்ளை ஒதுக்க வேண்டும். பிறகு பனை மட்டை, தென்னை மட்டை, மூங்கில், கயிறு, சமையலுக்குக் காய். கத்திக்கு வரும் வேலை அநேகமாக இவ்வளவுதான். இதற்காக வீடியோ பார்த்து 5, 6 மி.மீ. தடிமனில், முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தியை வாங்கிவிடுகிறார்கள். நான்கு வருடத்தில் பையில் நிலைத்தவை மூன்றுதான்: 4 அங்குலக் கத்தி, மடக்கு ரம்பம், முள்வாங்கி. அரிவாள் தோப்போடு சரி.

தடித்த கத்தி வெட்டாது, பிளக்கும். வெங்காயத்தில் வைத்தால் பாதி தூரம் போனதுமே காய் தானாக இரண்டாக உடைந்துவிடும், ஏனென்றால் கூருக்குப் பின்னால் ஓர் ஆப்பு வருகிறது. கயிற்றை அறுக்கவோ மூங்கிலில் காடிப் பள்ளம் எடுக்கவோ அதில் இரட்டிப்புப் பலம் வேண்டும். முதுகிலிருக்கும் ரம்பப் பல் ஒரு குச்சியைக்கூட ஒழுங்காக அறுக்காது. வெட்டுவாயில் சிக்காமல் ஓடப் பற்கள் இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்திருக்க வேண்டும், அலங்காரப் பல்லில் அது கிடையாது. மோரா கம்பேனியன் போன்ற கத்திகளில் இலை, அதாவது கத்தியின் தகடு, 2.5 மி.மீ. தடிமன், 104 மி.மீ. நீளம். மேலே சொன்ன வேலைகளில் அரிவாள் கேட்பவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இந்த அளவு போதும்.

மெல்லிய கத்தியிலும் ஒரு சங்கடம் உண்டு. இந்த வகையில் கூரின் இருபக்கச் சாய்வும் சேர்ந்து சுமார் 25 டிகிரிதான். பச்சை மரத்தில் வெண்ணெய் மாதிரி இறங்கும். காய்ந்த சீமைக் கருவேலக் கணுவில் வைத்துக் கையைத் திருப்பினால் கூர் மடங்கும், அல்லது அரிசி உடைந்த மாதிரி பொரிந்துவிடும். குற்றம் எஃகில் இல்லை, கோணத்திலும் திருப்பலிலும் இருக்கிறது. சரிசெய்ய, தீட்டி முடித்ததும் கடைசியாகக் கூரின் விளிம்பில் மட்டும் இன்னொரு சின்னச் சாய்வு வைக்க வேண்டும். இலையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 டிகிரி கிடைக்கும். 21 மி.மீ. அகலக் கத்திக்கு அது 7 மி.மீ. அந்த உயரத்தில் பக்கத்துக்கு மூன்று இழுப்பு, கல்லைத் தொட்டும் தொடாமலும். இதற்குப் பிறகு கணுவைச் சீவினாலும் பொரிவதில்லை. மூங்கிலிலும் பனையிலும் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கத்தான் செய்யும். பனை மட்டையின் கருக்கை இரண்டு பக்கமும் சீவி எடுத்த பிறகு ஒருமுறை பெல்ட் தோலில் இழுத்துவிடுங்கள்.

கல்லுக்குப் பெரிய செலவு வேண்டாம். தட்டையான டைல்ஸ் துண்டின்மேல் 400, 1000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டினால் போதும். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கக் கூரில் விரல் நகத்தை வெளிப்புறமாக இழுத்துப் பாருங்கள், மடிந்து நிற்கும் இரும்புப் பிசிர் தட்டுப்பட வேண்டும். அடி முதல் நுனி வரை அது வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பிசிர் வராமலேயே மாற்றி மாற்றித் தேய்ப்பதால்தான் பலருக்கு ஒரு மணி நேரம் ஆகியும் கூர் ஏறுவதில்லை.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் சுலபமாகத் தீட்டும். ஆனால் எலுமிச்சை, மாங்காய், புளி பட்டால் கறுக்கும், வியர்வை பட்டால் சிவப்பாகத் துரு ஏறும். கறுப்பு பரவாயில்லை, துருவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். சிவப்பைத்தான் அன்றே தேய்த்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள்ளேயே விட்டுவைத்த கத்தி நான்கைந்து நாளில் புள்ளி புள்ளியாக அரிக்கும், தோல் ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் காரணம். வீட்டில் கத்தி தனியே, உறை தனியே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் மெல்லிய பூச்சாக வாரம் ஒருமுறை நல்லது. மாதக்கணக்கில் வைத்தால் பிசுபிசுக்கும், அதற்கு மெஷின் ஆயில்தான் சரி. மறதிக்காரர்கள் பேசாமல் ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடலாம்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ரம்பம். பாக்கோ லாப்லாண்டர் மாதிரி 190 மி.மீ. பட்டை உள்ள மடக்கு ரம்பம், மணிக்கட்டுத் தடிமன் கருவேலக் கிளையைச் சத்தமில்லாமல் அறுத்துவிடும். அதே வேலையை 6 மி.மீ. கத்தியால் செய்தால் கை காய்த்துப்போகும். கிளையின் மறுமுனைக்கும் தாங்கல் இருந்தால், நேரே மேலிருந்து அறுக்கும்போது வெட்டுவாய் மூடி ரம்பத்தைக் கவ்வும். தாங்கல் இல்லாமல் தொங்கும் கிளை பாதியில் முறிந்து மரப்பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு நுனிப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி மேலிருந்து மீதி. இழுப்பில் மட்டும் பலம் கொடுங்கள், தள்ளும்போது அழுத்தினால் பட்டை வளையும். பல் நுனி நீலமாக இருந்தால் அது கடினப்படுத்திய பல், அரம் பிடிக்காது, மழுங்கினால் பட்டையைத்தான் மாற்ற வேண்டும். வைகை மணல் பூட்டுக்குள் போனால் எண்ணெய் விடாதீர்கள், மணலை அது இறுக்கி வைத்துக்கொள்ளும். கழுவிக் காயவைத்துப் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். அச்சுத் திருகு தளர்ந்துகொண்டே இருந்தால் மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

அரிவாள் என்றால் இந்தப் பக்கம் திருப்பாச்சேத்திதான் பேச்சு. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளை வாங்கும்போது சின்ன அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். முதுகில் அரம் கடிக்க வேண்டும், வாயில் ஓரளவாவது வழுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி கடித்தால் தோய்ச்சல், அதாவது சூடேற்றி முக்கிக் கடினப்படுத்தியது, சரியில்லை. வாயோரம் நீலம் பாய்ந்திருந்தால் சாணையில் சூடேறியிருக்கிறது, அந்த இடம் மட்டும் மெத்தென்று ஆகியிருக்கும். தண்ணீர் தொடாமல் மோட்டார் சாணையில் பொறி பறக்கத் தீட்டித் தருகிறவர்களிடம் நல்ல அரிவாளைக் கொடுக்காதீர்கள். அரமும் கல்லும் போதும்.

அரிவாளில் முதலில் போவது பிடிதான். சித்திரை வெயிலில் மரம் சுருங்கிப் பூண் ஆடும். தண்ணீரில் ஊறவைத்தால் இறுகினாற்போல் இருக்கும். ஊறிய மரம் பூணுக்குள் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது, காய்ந்ததும் முன்பைவிட அதிகம் ஆடும். ஓங்கும்போது கழன்றால் எதிரே நிற்பவர் கதி என்ன? பிடியைக் கழற்றி, அதற்குள் போகும் வாலின் துருவைச் சுரண்டி, துளையில் எபாக்சி பசை ஊற்றிச் செருகி 24 மணி நேரம் விடுங்கள். அரக்கும் பிடிக்கும், ஆனால் சூட்டில் இளகும்.

முள்வாங்கியைக் கேலி செய்யாதீர்கள். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளேயே ஒடியும். நுனி சரியாக ஒட்டும் முள்வாங்கியால், முள் ஏறிய திசையிலேயே பின்னோக்கி இழுக்க வேண்டும். நெம்பினால் இன்னும் உள்ளே ஒடியும். வாங்கும்போது ஒற்றைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நழுவினால் வேறு எடுங்கள்.

இதெல்லாம் சொந்தத் தோப்புக்கும் அனுமதி பெற்ற இடத்துக்கும். அழகர்மலை, சிறுமலைக் காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் இறுகிவிட்டன. சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972 வனவிலங்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பக்கம் போவதானால் கத்தியையும் ரம்பத்தையும் வீட்டில் வைத்துவிட்டு முள்வாங்கியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்குப் பேருந்தில் போகும்போது கத்தி இடுப்பில் வேண்டாம், உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில் இருக்கட்டும்.