அக்கா மகளுக்கு பிசிஓஎஸ்: தர்மபுரியில் வைத்தியம் பார்த்த அனுபவம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிசிஓஎஸ் (பீரியட்ஸைத் தள்ளிப்போட வைக்கும் ஹார்மோன் கோளாறு, ஊரில் நீர்க்கட்டி என்பார்கள்) வைத்தியத்துக்கு என்ன வசதி இருக்கிறது என்று மெல்போர்னில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் அடிக்கடி கேட்பார்கள். தங்கைக்காக, நாத்தனாருக்காக, சில சமயம் தங்களுக்காகவே. இந்த முறை லீவில் பாலக்கோடு போயிருந்தபோது அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு நானே அலைந்ததால், பார்த்ததைச் சொல்கிறேன். வேண்டிய டாக்டர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குப் போய்ச் சேருவதில்லை. சிக்கல் அங்கேதான்.

அவளுக்கு 19 வயது, தர்மபுரியில் காலேஜ் படிக்கிறாள். 13 வயதில் பெரியவளானாள். பீரியட்ஸ் மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப் போகும். முகவாயில் முடி, கன்னமெல்லாம் பரு, பின்கழுத்தில் அழுக்கு மாதிரி ஒரு கருப்பு. தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று அக்கா அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம்.

பீரோவில் ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட். ஒரு க்ளினிக்கில் ஸ்கேன் எடுத்து, "நீர்க்கட்டி இருக்கு" என்று சொல்லி பீரியட்ஸ் வரவைக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். தோல் டாக்டர் பருவுக்கு க்ரீம். முடிக்கு பியூட்டி பார்லர். இன்னோர் இடத்தில் இங்கிலீஷில் அச்சடித்த டயட் சார்ட்: காலையில் ஓட்ஸ், ராத்திரி ப்ரோக்கோலி சூப். தக்காளி மண்டிக்குப் பேர்போன பாலக்கோட்டில் அவள் ப்ரோக்கோலிக்கு எங்கே போவாள்? சார்ட் மடிப்புக் கலையாமல் கிடந்தது. இத்தனை இடத்திலும் பிபி பார்த்ததாக, இடுப்பளவு எடுத்ததாக, சர்க்கரை பார்த்ததாக ஒரு சீட்டிலும் இல்லை. பாத்ரூம் கண்ணாடியை ஏன் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்றும் யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அக்காவுக்குச் சர்க்கரை நோய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் அம்மா, வீட்டு வாசலிலேயே பிபி பார்த்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். நிஜமாகவே அருமையான சேவை. பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டு மாத்திரை வாங்க வேண்டிய கஷ்டம் அக்காவுக்கு இல்லை. ஆனால் அக்காவுக்கு வந்த அதே இன்சுலின் கோளாறின் இன்னொரு முகம்தான் உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் மகளுக்கும் என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை இன்னும் கூட்டும்; அது கூடினால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். முடியும் பருவும் அதனால்தான். முட்டை பாதியில் நின்றுவிடும். ஸ்கேனில் தெரிவது அப்படி நின்றுபோன முட்டைப் பைகள்தான். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லி, தர்மபுரியிலேயே ஒரு சீனியர் மகப்பேறு டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் ஓரமாக வைத்தார். "பெரியவளாகி எட்டு வருஷம் ஆகலையே, இந்த வயசுல ஸ்கேனை வெச்சு முடிவு பண்ணக் கூடாது" என்றார். எனக்கு ஆச்சரியம்! மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023-ல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதலில் இருப்பது அதேதான். இந்த வயதில் பீரியட்ஸ் ஒழுங்கில்லாமையும் ஆண் ஹார்மோன் அறிகுறியும் இரண்டும் இருக்க வேண்டும்; தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) மாதிரி வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும். அவளுக்கு இரண்டும் இருந்தது.

பிறகு டேப் வைத்து இடுப்பு அளந்தார், பிபி பார்த்தார், குளுக்கோஸ் டெஸ்ட் எழுதினார். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. குமட்டுகிறது என்று பெஞ்சில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தது. இரண்டாவது 152. 140-க்குக் கீழே இருக்க வேண்டும். முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மெட்ஃபார்மின் எழுதியதும் அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தான் தினம் போடும் மாத்திரை. முகம் வெளுத்துவிட்டது. "இவளுக்கும் சக்கரை வந்துடுச்சா?" சர்க்கரை வரவில்லை, வராமல் பார்த்துக்கொள்ளவும் சேர்த்துத்தான் இது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதைவிடப் பெரிய சண்டை ஹார்மோன் மாத்திரைக்கு. கருத்தடை மாத்திரையைக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கா, மெடிக்கலில் கேட்டால் என்ன நினைப்பார்கள், நாளைக்குக் குழந்தை நிற்குமா என்று அக்கா அழுதுவிட்டாள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி வாய்க்கு வாய் பேச அதுவே போதும். மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராவிட்டால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், பின்னாளில் அங்கே கேன்சர் வரும் வாய்ப்பு கூடும், அதைத் தடுக்கவும் முடி, பரு குறையவும்தான் இது என்று விளக்கினார். நிறுத்தினால் மாத்திரையின் வேலையும் நின்றுவிடும், குழந்தை பிறப்பதை அது கெடுக்காது, முட்டை வெளிவர உதவி வேண்டுமென்றால் அப்போது லெட்ரோசோல் என்ற மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னார். "கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றார் கடைசியில். பக்கத்து வீட்டில் கொடுத்த கழற்சிக்காய்ப் பொடியைப் பற்றியும் கேட்டுவிட்டு, சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லச் சொன்னார்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் அனுப்பிய டயட்டீஷியன் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று முதலில் கேட்டார். களி நல்லதுதான், இரண்டு உருண்டைக்கு ஒன்று போதும், கூடக் கொள்ளோ அவரையோ கீரையோ நிறைய வேண்டும். சாமை சேர்க்கலாம். மாம்பழ சீசனில் சாப்பாட்டுக்கு மேல் பழம் வேண்டாம். இந்த நோய்க்கென்று தனி டயட் கிடையாது, பல நாள் விடாமல் சாப்பிட முடிவதுதான் நல்ல டயட் என்று அவர் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள். எடை குறையாவிட்டாலும் நடந்தால் பலன் உண்டு, வாரம் 150 நிமிஷம்.

மனசு விஷயத்துக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு மன அழுத்தம், பதற்றம் அதிகம், கண்டுபிடித்த உடனே அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருந்தும், அந்தப் பிரிவுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி நம்பரில் தமிழிலேயே பேசலாம் என்று சொன்னேன். ஒரு ராத்திரி மாடிக்குப் போய் பேசிவிட்டு வந்தாள்.

மெல்போர்னில் மட்டும் எல்லாம் சுலபமா என்று கேட்டால், இல்லை. அங்கேயும் கைக்காசு போகும், காத்திருக்க வேண்டும். ஆனால் ஜிபி என்கிற குடும்ப டாக்டர் ஒரு திட்டம் போட்டுத் தந்தால் டயட்டீஷியன், உடற்பயிற்சி நிபுணர் என்று வருஷத்துக்கு ஐந்து தடவை மெடிகேரில் (அங்கத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில்) பார்க்கலாம், அவர்கள் எழுதுவது ஜிபிக்கே திரும்பி வரும். ஊரில் அந்த வேலையை நான் செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் பீரியட்ஸ் தேதி, பிபி, இடுப்பளவு, டெஸ்ட், மாத்திரை எல்லாம் தமிழில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டச் சொன்னேன்.

வெளிநாட்டிலிருந்து சித்தியோ அத்தையோ வராத வீட்டுப் பெண்களுக்கு இதை யார் செய்வார்கள்? தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். மகப்பேறு, பொது மருத்துவம், தோல், மனநலம் எல்லாம் அரசிடமே இருக்கின்றன. புதுக் கட்டடம் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மதியம், காலேஜ் விட்டு வரக்கூடிய நேரத்தில், ஒரே ஓபி சீட்டில் நான்கு பேரும் ஒரு பெண்ணைப் பார்க்கட்டும். சர்க்கரை மாத்திரை கொடுக்க வாசலுக்கு வரும் அந்த அம்மாவும், "உங்க பொண்ணுக்குப் பீரியட்ஸ் மாசாமாசம் வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.